வேர்க்கடலைத் தோல் இரண்டு கோணி சேர்ந்துவிட்டது, என்ன செய்யலாம்?

உருண்டைக்கடை (மேற்கு மாம்பலம்)
ஏப்ரல் 22, காலை 11.05

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே கடலை உருண்டை, எள்ளுருண்டை, கடலைப் பொடி செய்து விற்கிறோம். வாரத்துக்கு 50 கிலோ வேர்க்கடலை வறுபடும். சூடு ஆறியதும் சாக்கில் போட்டுத் தேய்த்து முறத்தில் புடைப்போம், சிவப்புத் தோல் தனியாகப் பறந்து வந்துவிடும். கிலோவுக்கு 30 கிராம் தேறினால் அதிகம். ஆனாலும் மூன்று மாதமாக மாடிப்படிக்குக் கீழே போட்டுப் போட்டு இப்போது இரண்டு கோணி நிறைந்து நிற்கிறது. காற்றடித்தால் பக்கத்து வீட்டு அம்மா போட்ட கோலம் வரைக்கும் பறக்கிறது. திட்டும் வாங்கியாகிவிட்டது.

குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊரிலிருந்து வந்த மச்சான் தடுத்துவிட்டான். "மாமா, அது தோல் இல்லை, அத்தனையும் ஆன்டிஆக்ஸிடன்ட். பொடியாக்கி டப்பாவில் அடைத்தால் 100 கிராம் 300 ரூபாய்க்குப் போகும்" என்கிறான். மாமியாரோ, "அதைத் தின்றால் பித்தம் ஏறும், தலை சுற்றும்" என்கிறார். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எனக்கு என்ன பயன்?

வேளச்சேரி_வெயில்
ஏப்ரல் 22, காலை 11.40

மச்சான் சொல்லும் வியாபாரத்தில் முதல் போடப்போவது மாமாதான் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். மற்றதைப் படித்தவர்கள் சொல்லட்டும். அவித்த கடலை ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வகத்தம்பி (கிண்டி)
ஏப்ரல் 22, பகல் 1.15

அண்ணா, நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். உங்கள் மச்சான் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். முளைக்கப்போகும் செடிக்கு அது கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோறு கெடாமல் இருக்கச் செடி இரண்டு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. எண்ணெய்க்குள்ளேயே கரைந்திருக்கும் வைட்டமின் ஈ ஒன்று. வெளியே சுற்றியிருக்கும் துவர்ப்பான தோல் இன்னொன்று.

எண்ணெயில் சிக்கு வாடை வருவது ஒரு சங்கிலி வேலை. சூடு, வெளிச்சம் ஏதாவது பட்டு ஒரு கொழுப்பு மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இழக்கிறது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. பறிகொடுத்தது சும்மா இருக்காது, பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்கும். அது தனக்கு அடுத்ததிடம் பிடுங்கும். காலை நேரத்து 29சி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இன்னொருவரை எழுப்பிவிட்டு உட்காருகிறார், எழுந்தவர் அடுத்தவரை எழுப்புகிறார், பஸ் முழுக்கச் சண்டை. அப்போது ஒருவர் தானாகவே இடத்தைக் கொடுத்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சண்டை அந்த இடத்தோடு நின்றுவிடும். கம்பியைப் பிடித்தவர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். பீனால் என்ற வகை வேதிப்பொருள்களுக்கு இப்படி நின்றபடியே வருகிற பொறுமை உண்டு.

கடலைத் தோலில் இந்தப் பீனால்கள் நிறையவே இருக்கின்றன. தேயிலையில் இருக்கும் கேட்டச்சின் உண்டு. கேட்டச்சின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட புரோ-ஆந்தோசயனிடின்கள் அதைவிட அதிகம். தோலை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது இவை எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால். துவர்ப்பு என்று நம் ஆட்கள் அதை அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். மாம்பிஞ்சு, வாழைப்பூ, கடுக்காய் எல்லாம் இதே கூட்டம். சிவப்பு ஒயினில் இருப்பதாகப் பெரிய பேச்சு அடிபட்டதே, அந்த ரெஸ்வெராட்ராலும் கடலையில் கொஞ்சம் உண்டு. செடிக்குக் காயம் பட்டாலோ பூஞ்சை தாக்கினாலோ அதிகமாகச் சுரக்கும்.

ஆய்வகத்தில் டி.பி.பி.எச். என்று ஒரு பொருள் வைத்திருப்போம். கரைத்தால் நாவற்பழ நிறம். கடலைத் தோலை ஊறவைத்த சாற்றைச் சில சொட்டு விட்டால் கண்ணெதிரே ஊதா வெளுத்து மஞ்சளாகும். முதல் தடவை பார்த்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் அது கண்ணாடிக் குழாயில் நடப்பது. மச்சானின் பாதி அத்தோடு முடிகிறது. மனித வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை அந்த மஞ்சள் சொல்லாது.

உருண்டைக்கடை
ஏப்ரல் 22, பகல் 2.30

தம்பி, பஸ் உதாரணம் மாமியாருக்கே புரிந்துவிட்டது. மச்சான் உன் பதிவின் முதல் பாதியை மட்டும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

செக்குமேடு (மணலி)
ஏப்ரல் 22, மாலை 6.50

நான் மரச்செக்கு வைத்திருக்கிறேன். சிக்கு வாடை என்றால் என்ன என்று என்னைவிட யாருக்கும் அதிகம் தெரியாது, ஏனென்றால் அது வந்தால் நஷ்டம் எனக்குத்தான்.

நான் பார்த்தவரை, கடலை எண்ணெயை விட நல்லெண்ணெய் நாள் தாங்கும். ஊறுகாய் ஜாடியில் நம் வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணெயை ஊற்றியது ருசிக்காக மட்டும் இல்லை. எள்ளில் செசமின், செசமோலின் என்று எண்ணெயிலேயே கரையும் சரக்கு இருக்கிறது. வறுத்தால் செசமோலின் உடைந்து செசமால் வரும், அது இன்னும் கெட்டியான காவல்காரன். எங்கள் செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவோம், அது வேறு கதை.

பெரிய கம்பெனி எண்ணெய் டப்பாக்களைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் "ஐ.என்.எஸ். 319" என்று இருக்கும். அது டி.பி.எச்.க்யூ. என்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட். கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்க அனுமதி உண்டு. 306 என்று போட்டிருந்தால் அது வைட்டமின் ஈ கலவை.

தம்பியிடம் ஒரு கேள்வி. இந்தத் தோலை ஒரு துணியில் கட்டி என் கடலை எண்ணெய் டின்னில் தொங்கவிட்டால் 319 செய்கிற வேலையைச் செய்யுமா?

ஆய்வகத்தம்பி
ஏப்ரல் 22, இரவு 9.20

செய்யாது அண்ணா. நல்ல யோசனைதான், ஆனால் கடலைத் தோலின் துவர்ப்பு தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கரையும், எண்ணெயில் சரியாகக் கரையாது. எள்ளின் சரக்கு எண்ணெயோடேயே பிறந்தது. அதனால்தான் செக்கில் ஆட்டும்போது கூடவே வருகிறது, கடலைத் தோலின் சரக்கு புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. தொங்கவிட்ட துணியில் ஈரம் இருந்தால் எண்ணெய் இன்னும் சீக்கிரம் கெடும்.

மயிலை_மாமி
ஏப்ரல் 23, காலை 7.10

இதெல்லாம் சரி. எங்கள் வீட்டில் பாதாமை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுப்போம். தோல் ஜீரணமாகாது என்று என் மாமியார் சொல்லுவார். அப்போது நாற்பது வருஷமாகச் சத்தைக் குப்பையில் போட்டிருக்கிறேனா?

ஆய்வகத்தம்பி
ஏப்ரல் 23, காலை 8.45

முழுக்க இல்லை மாமி. பாதாமின் பெரிய சொத்து வைட்டமின் ஈ. 100 கிராமில் 25 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அது பருப்பின் எண்ணெயில் இருப்பதால் தோலை உரித்தாலும் போகாது. கேட்டச்சின் போன்ற பீனால்கள்தான் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன, அவற்றைத்தான் இழந்தீர்கள். வெந்நீரில் போட்டு உரித்தால் கொஞ்சம் அந்த வெந்நீரிலும் இறங்கிவிடும். சின்னக் குழந்தைக்குத் தோல் தொண்டையில் ஒட்டும், அதனால் உரித்தது தப்பும் இல்லை.

அக்ரூட் விஷயம் வேறு. அதன் பீனால்களில் பெரும்பகுதி அந்த மெல்லிய பழுப்புத் தோலில்தான். அதை உரிப்பது சுலபமில்லை என்பது நம் அதிர்ஷ்டம். அந்தக் கொட்டையில் எளிதில் கெடும் வகைக் கொழுப்பு மிக அதிகம், அதனால்தானோ என்னவோ காவலும் அதிகம். அப்படியிருந்தும் பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்து, மே மாதத்தில் சமையலறை மேல்தட்டில் வைத்தால் இரண்டு மாதத்தில் கசக்கும். அந்தக் கசப்பு தோலின் குணம் இல்லை, எண்ணெய் கெட்ட அடையாளம். பிரிட்ஜில் வையுங்கள்.

மயிலை_மாமி
ஏப்ரல் 23, காலை 9.02

கசப்பு அதன் சுபாவம் என்று நினைத்து இத்தனை நாள் தேனில் தோய்த்துக் கொடுத்தேனே!

பண்ருட்டிப்பெண் (தாம்பரம்)
ஏப்ரல் 23, இரவு 10.30

எல்லோரும் வேர்க்கடலை (எங்கள் ஊரில் மல்லாட்டை), பாதாம் என்று பேசுகிறீர்கள். நான் முந்திரி ஊர்க்காரி. தோலையும் ஓட்டையும் காசாக்குவது பற்றி எங்கள் ஊரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கொட்டையாக வாங்கினால் நாலு கிலோவுக்கு ஒரு கிலோ பருப்பு தேறும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மீதியெல்லாம் ஓடும் தோலும்தான். ஓட்டுக்குள் தேன்கூடு மாதிரி அறைகள், அதில் ஒரு பிசின் எண்ணெய். அதில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். அதுவும் பீனால் வகைதான், ஆன்டிஆக்ஸிடன்ட்தான், ஆனால் கையில் பட்டால் தோல் உரியும். என் அம்மா சின்ன வயதில் கொட்டை உடைக்கப் போனவர். விரலில் சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துப் புண்ணாகித்தான் இருக்கும். சலவைக்காரர்கள் துணியில் குறி போடும் சேராங்கொட்டையும் இதே குடும்பம், மாங்காய்ப் பாலும் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாய் ஓரம் வெந்துபோனவர்களுக்கு நான் சொல்வது புரியும். "இயற்கை" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் உருகிப்போகிறவர்கள் ஒருநாள் எங்கள் ஊர் களத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த எண்ணெயை வீணாக்குவதில்லை. சூடேற்றினால் அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும். வண்டி பிரேக் லைனிங், பெயின்ட், துருப்பிடிக்காத பூச்சு எல்லாவற்றிலும் அது போகிறது. நீங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரேக் போடும்போது எங்கள் ஊர் முந்திரி ஓடும் கொஞ்சம் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பைச் சுற்றியிருக்கும் செம்பழுப்புத் தோல் தனி. அதில் கேட்டச்சினும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஏராளம். தோல் பதனிட ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி அதையும் பயன்படுத்தலாம். அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரத் துவர்ப்பு ஒன்றும் புதிதில்லை. மாட்டுத் தோலைக் கெடாமல் காக்கிற அதே துவர்ப்பு பருப்பின் எண்ணெயைக் காக்கிறது என்று நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வீணாவது பழம்தான். ஆரஞ்சை விடப் பலமடங்கு வைட்டமின் சி உள்ள முந்திரிப்பழம் மரத்தடியில் அழுகிக் கிடக்கும். இரண்டு நாள் தாங்காது, தொண்டை கரகரக்கும், கோயம்பேட்டுக்கு வந்து சேர்வதற்குள் கஞ்சியாகிவிடும். 2011 டிசம்பரில் 'தானே' என்ற புயல் வந்து தோப்பையே சாய்த்ததற்குப் பிறகு நட்ட மரங்கள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. பழத்துக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

இயற்கைவாழ்வு
ஏப்ரல் 24, காலை 6.15

நண்பர்களே, சுற்றிவளைப்பது ஏன்? ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் புற்றுநோய் வராது, சர்க்கரை வராது, முதுமை வராது. கடலைத் தோலைத் தினமும் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடியுங்கள். டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். உருண்டைக்கடை சார், உங்கள் மச்சான் புத்திசாலி. நான் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

(விற்பனை இணைப்பு நெறியாளரால் நீக்கப்பட்டது.)

தட்டும்_தராசும் (அண்ணாநகர்)
ஏப்ரல் 24, பகல் 12.20

நான் உணவு ஆலோசகர். மேலே இருப்பவருக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

புற்றுநோய் வராது என்பதை ஆராய்ந்து பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்துக்கொண்டு, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைக் கொடுத்துப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ மாத்திரையும் நுரையீரல் புற்றைக் குறைக்கவில்லை. காய்கறியில் இருந்தபோது நல்ல பிள்ளையாக இருந்த பொருள், பிரித்தெடுத்துப் பெரிய அளவில் கொடுத்ததும் வேறு முகம் காட்டியது.

எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று ஓராக் என்ற பெயரில் ஒரு பட்டியலை அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்தது. 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை வைத்து விளம்பரம் செய்தன என்பதுதான் காரணம். இப்போதும் சில டப்பாக்களில் அந்த எண் இருக்கிறது. பார்த்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

கொட்டைகளையே சாப்பிடுவது பற்றி நல்ல சேதி உண்டு. ஸ்பெயினில் பிரெடிமெட் என்று ஒரு பெரிய ஆய்வு, 7,447 பேர். ஒரு குழுவுக்கு மத்தியதரைக்கடல் சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் கொட்டை: அக்ரூட் பாதி, மீதிப் பாதி பாதாமும் ஹேசல்நட்டும். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வந்த கட்டுரையில் ஆட்களைக் குழு பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் இது ஆன்டிஆக்ஸிடன்ட் செய்த வேலை என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல கொழுப்பு, நார், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த வேலை.

இரண்டு ஸ்பூன் தோல் வெந்நீர் பற்றி: துவர்ப்புப் பொருள்கள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சட்டியில் கடலைத் தோலைக் கொதிக்கவிட்டுப் பாருங்கள், தண்ணீர் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயில் மை செய்தது இந்தச் சமாசாரத்தை வைத்துத்தான். என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. அவர்கள் கீரை சாதத்தோடு இந்தக் கஷாயத்தைக் குடித்தால் கீரையின் இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோலும் ஆபத்து, பருப்பின் புரதம் அதிலும் ஒட்டியிருக்கும்.

நோயைக் குணமாக்கும் என்று உணவு டப்பாவில் எழுதுவதும் சட்டப்படி குற்றம். மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

இயற்கைவாழ்வு
ஏப்ரல் 24, பகல் 12.55

மாத்திரையும் இயற்கைத் தோலும் ஒன்றா மேடம்?

தட்டும்_தராசும்
ஏப்ரல் 24, பகல் 1.10

ஒன்று இல்லை சார். அதனால்தான் தோலைக் கடலையோடு சேர்த்துத் தின்னச் சொல்கிறேன். பிரித்துப் பொடியாக்கி டப்பாவில் அடைத்தால் அது மாத்திரைக்கு அண்ணன்.

கறவைக்காரர் (மாதவரம்)
ஏப்ரல் 24, மாலை 5.40

மாட்டுக்குப் போடலாமே என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதிலும் சொல்கிறேன்.

உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு மாதிரி கடலைத் தோலையும் தீவனத்தில் கலக்கலாம். கொஞ்சமாக. அதிகம் போனால் துவர்ப்பு தீவனப் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும், மாடு தின்றும் பால் ஏறாது. இதை நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன்.

ஆனால் உங்கள் இரண்டு கோணியை என் மாட்டுக்குப் போட மாட்டேன். மூன்று மாதம், படிக்கட்டுக்குக் கீழே, சென்னைக் காற்றின் ஈரத்தில் கிடந்திருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கும். கடலையில் வரும் பூஞ்சை சாதாரணம் இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்தன. தேடிப்போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் இருந்த விஷம்தான் அஃப்ளாடாக்சின். மாடு தின்றால் அதன் சாயல் பாலில் வரும். வாங்குகிற பால் பண்ணையில் அதைச் சோதிக்கிறார்கள்.

ஆய்வகத்தம்பி
ஏப்ரல் 24, இரவு 8.05

கறவைக்காரர் மாமா பூஞ்சை பற்றிச் சொன்னதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். பழுதான, சுருங்கிய, நிறம் மாறிய கடலையில்தான் அஃப்ளாடாக்சின் அதிகம் இருக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. சரக்கை வாங்கியதும் முதல் வேலை அவற்றைப் பொறுக்கி எறிவது. செக்கில் ஆட்டினால் விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும், எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டினால் இன்னும் நல்லது.

உருண்டைக்கடை அண்ணா, அந்த இரண்டு கோணியை யாரும் தின்னக் கூடாது. மண்ணுக்குப் போகட்டும். இனி வரும் தோலைப் பற்றி மட்டும் யோசிப்போம். என் யோசனை இதுதான்: ஏன் உரிக்கிறீர்கள்? கடலைப் பொடியில்தான் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும், அரைத்ததும் காற்றுபடும் பரப்பு பலமடங்கு ஆகிறது. காவல்காரனை வெளியே துரத்திவிட்டு வீட்டுக் கதவையும் திறந்து வைப்பது போல இருக்கிறது. ஒரு ஈடு தோலோடு அரைத்துப் பாருங்களேன்.

மயிலை_மாமி
ஏப்ரல் 24, இரவு 8.30

தம்பி, அவித்த கடலை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. வேளச்சேரிக்காரர் அன்றையிலிருந்து தின்றுகொண்டே இருக்கிறார்.

ஆய்வகத்தம்பி
ஏப்ரல் 24, இரவு 8.50

அவர் பிழைத்துக்கொள்வார் மாமி. ஓட்டோடு அவிக்கும்போது ஓட்டிலும் தோலிலும் இருப்பது தண்ணீரில் இறங்கிப் பருப்புக்குள் ஊறும். அமெரிக்காவில் 2007இல் வந்த ஓர் ஆய்வில், பச்சைக் கடலையை விட அவித்ததில் ஐசோஃப்ளேவோன் என்ற வகை ஆன்டிஆக்ஸிடன்ட் நாலு மடங்கு வரை இருந்தது. மெரினாவில் மணலில் வறுத்து விற்பதன் மணம் இதற்கு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். வறுக்கும்போது சில பழைய ஆன்டிஆக்ஸிடன்ட்கள் போகும், நிறம் சிவக்கும்போது புதிதாகச் சில பிறக்கும். கருகவிட்டால் எல்லாம் போச்சு.

உருண்டைக்கடை
மே 27, காலை 10.20

ஒரு மாதம் கழித்து வருகிறேன், எல்லோரும் மறந்திருப்பீர்கள். தம்பி சொன்னபடி செய்து பார்த்தேன்.

மூன்று பாட்டிலில் கடலைப் பொடி. முதல் பாட்டில் எப்போதும் போலத் தோல் நீக்கி அரைத்தது. இரண்டாவது தோலோடு அரைத்தது. இரண்டையும் மாடி அறையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். கத்திரி வெயிலில் அந்த அறைக்குள் நானே ஐந்து நிமிடம் நிற்க மாட்டேன். மூன்றாவது தோல் நீக்கியது, பிரிட்ஜில்.

பன்னிரண்டாம் நாள் முதல் பாட்டிலைத் திறந்ததும் மாமியார் முகம் சுளித்தார். சிக்கு வாடை. இரண்டாவதில் அன்றைக்கு ஒன்றும் இல்லை, மூன்றாம் வாரக் கடைசியில்தான் லேசாக ஏதோ தெரிந்தது. பிரிட்ஜில் இருந்தது இன்றைக்கும் புதிது போல இருக்கிறது. மச்சான் இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா!" என்று மறுபடி டப்பா கணக்கு ஆரம்பித்துவிட்டான்.

செக்குமேடு
மே 27, காலை 11.00

பிரிட்ஜ்தான் ஜெயித்தது என்று சொல்லுங்கள்.

ஆய்வகத்தம்பி
மே 27, பகல் 12.30

எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நாள் வறுத்ததா? ஒரே மூட்டையா? எந்தப் பாட்டிலை முகர்கிறோம் என்று உங்கள் மாமியாருக்குத் தெரியுமா?

உருண்டைக்கடை
மே 27, பகல் 1.45

பிடித்துவிட்டாய். தோலோடு அரைத்தது மறுநாள் வறுத்தது, கொஞ்சம் அதிகமாகவும் சிவந்துவிட்டது. மாமியாருக்கும் எது எது என்று தெரியும், பாட்டிலில் நான்தான் எழுதி ஒட்டினேன். அவர் தோல் கட்சிக்கு எதிரி, அதனால் பொய் சொல்லியிருந்தாலும் எதிர்ப்பக்கம்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்.

தட்டும்_தராசும்
மே 27, பகல் 2.10

இதைவிட மோசமான ஆய்வுகளை நான் அச்சில் படித்திருக்கிறேன்.

உருண்டைக்கடை
மே 27, இரவு 9.15

இப்போதைய நிலவரம் சொல்லி முடிக்கிறேன். பொடியை இனித் தோலோடுதான் அரைப்பது என்று வைத்துவிட்டோம், மிளகாயும் பூண்டும் துவர்ப்பை மறைத்துவிடுகின்றன. வெயில் காலத்தில் கால் கிலோவுக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை, "பிரிட்ஜில் வைக்கவும்" என்று ஒட்டிவிடுகிறோம். உருண்டையில் தோல் எடுபடவில்லை. தி.நகரிலிருந்து வரும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பாதி தின்று "என்னப்பா, துவர்க்குது" என்று வைத்துவிட்டார். வெல்லப் பாகில் சுக்கு கூட்டிப் பார்த்தோம், பரவாயில்லை என்ற அளவில்தான் வந்தது. உருண்டைக்கு உரிப்பது தொடரும், அதனால் தோலும் வாரம் கொஞ்சம் வரும். அதை அன்றன்றைக்கே காகிதப் பையில் கட்டிவிடுகிறோம்.

பழைய இரண்டு கோணியும் பக்கத்து வீட்டு அம்மாவின் மாடித் தோட்டத்துக்குப் போய்விட்டது. சாணத்தோடு மக்கவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டிருக்கிறார். கோலத்தின் மேல் பறந்தபோது திட்டியவர் நேற்று கதவைத் தட்டி, அடுத்த கோணி எப்போது என்று கேட்கிறார்.

ஆய்வகத்தம்பி
மே 27, இரவு 9.40

அண்ணா, அவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் புதுத் தோல் 200 கிராம் எனக்கு வேண்டும், கடைசி வருட புராஜெக்ட்டுக்கு. பூஞ்சை பிடிக்காதது, அதிகம் சிவக்காதது.

உருண்டைக்கடை
மே 27, இரவு 9.48

வெள்ளிக்கிழமை வறுக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வா தம்பி. புடைக்கிற வேலையும் இருக்கும்.